கயானா கடற்கரை: கடல் மட்டத்துக்குக் கீழே ஓர் அன்றாடம்

டெமராரா வாசி:

“கயானாவில் வேலை வந்திருக்கிறது, கடலோர நாடு என்கிறார்கள், போகலாமா?” என்று இந்த மன்றத்தில் அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் இந்த நாட்டில் 2019 டிசம்பரில் ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. சம்பளம், விசா பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இருக்கும் இந்த ஊரில் நாள் எப்படிப் போகிறது, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று எழுதத்தான் ஆள் இல்லை. அதற்காக இந்த இழை.

கரீபியன் என்றதும் வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் மனதில் வந்துவிடும். தலைநகர் ஜார்ஜ்டவுனில் அது கிடையாது. கடல் பால் கூடுதலாக ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். அமேசான் ஆறு கடலில் கொண்டுவந்து தள்ளும் வண்டல், நீரோட்டத்தோடு வடமேற்கே நகர்ந்து பிரெஞ்சு கயானா, சுரினாம் தாண்டி இங்கே வருகிறது. கரையில் மணல் குறைவு, சேறுதான். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கடலில் குளிக்கும் ஆசையோடு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே வாடிப்போகிறார்கள். கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்தால் இந்தச் சேறுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று புரியும்.

நாட்டின் மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தக் கரையோரப் பட்டையில்தான் இருக்கிறார்கள். கடல் ஏறும் நேரத்தில் இந்தப் பட்டை கடலைவிடத் தாழ்வு. ஜார்ஜ்டவுன் ஏறத்தாழ 1 மீட்டர் கீழே கிடக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் சதுப்பைக் கரைகட்டி அடைத்துக் கரும்புத் தோட்டமாக்கிய நிலம். பிறகு வந்த பிரிட்டிஷார் 1855 வெள்ளத்துக்கு அப்புறம் தலைநகரில் கடல்சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கடற்கரையோரமாக அது சுமார் 450 கிலோமீட்டர் ஓடுகிறது. முன்னால் கடல். பின்னால் ‘கன்சர்வன்சி’ எனப்படும் பெரிய நீர்த்தேக்கங்களின் மண்கரை. இரண்டுக்கும் நடுவில் ஊர், கரும்பு, நெல்.

இப்படிப்பட்ட ஊரில் மழைத்தண்ணீர் நினைத்த நேரத்துக்குக் கடலுக்குப் போக முடியாது. அதற்குத்தான் கோக்கர் என்று சொல்லும் மதகுகள். எங்கள் பக்கத்துக் கோக்கர், இரண்டு தூண்களுக்கு நடுவே தொங்கும் கனமான கதவு. மேலே பல்சக்கரம், அதிலிருந்து இறங்கும் சங்கிலி. கடல் வற்றி, வெளித்தண்ணீர் உள்தண்ணீரைவிடக் கீழே இறங்கியதும் கோக்கர்காரர் கைப்பிடியைச் சுற்றிக் கதவைத் தூக்குவார். முதலில் கதவடியில் நுரை கட்டும். அப்புறம் வாய்க்காலில் தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் இழுத்துக்கொண்டு சேற்றின் மேல் பாயும். கொக்குகள் அதற்காகவே வரிசையில் காத்து நிற்கும். சில மணி நேரத்தில் கடல் மறுபடி ஏற ஆரம்பிக்கும், அதற்குள் கதவு இறங்கியாக வேண்டும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் நேரம் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போவதால் அந்த மனிதரின் தூக்கமும் தினமும் தள்ளிப்போகிறது. அவர் கண்விழிப்பதால்தான் நம் வீட்டு வாசல் உலர்ந்து கிடக்கிறது. அவர் முகம் கூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் இங்கே இருந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஊர் முழுக்கச் சுவர் மேல்தான். வடகிழக்குக் காற்று நிற்காமல் வீசும். ஒரு பக்கம் கோழி வாட்டும் புகை, ஒரு பக்கம் இளநீர் வண்டி, கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டு. காதலர்கள், குழந்தை வண்டி தள்ளும் அம்மாக்கள், ஓட்டப் பயிற்சிக்காரர்கள், தனியாக உட்கார்ந்து கப்பல் பார்க்கும் கிழவர்கள் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. ஈஸ்டர் திங்கள் அன்று வந்தீர்கள் என்றால் வானத்தில் காற்றாடிக்கு இடம் இருக்காது. இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு என்று வித்தியாசமில்லாமல் எல்லாக் குழந்தைகளும் அன்றைக்குக் காற்றாடியோடு நிற்பார்கள். ஆயிரம் கடற்கரை விடுதிகள் கொடுக்க முடியாத ஒன்று அந்தச் சுவரில் இருக்கிறது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

கீழ்வேளூரான்:

அண்ணே, கோக்கர் பத்தி படிக்கும்போது எங்க கடைமடை ரெகுலேட்டர் கண் முன்னால் வந்துவிட்டது. கடல்தண்ணீர் ஆற்றில் ஏறிவராமல் ஷட்டரை இறக்கி வைப்பதும், மழைக்காலத்தில் எப்போது தூக்குவது என்று சண்டை வருவதும் எங்களுக்குப் பழகிய சங்கதி.

இரண்டு கேள்வி. ஒன்று, கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வார்கள்? இரண்டு, டச்சுக்காரன் அடைத்தான், பிரிட்டிஷ்காரன் கட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். மண்வெட்டி பிடித்தது யார்?

டெமராரா வாசி:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கேட்டதற்கு நன்றி.

வெட்டியது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1940களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு அமைத்த வென் கமிஷன் கணக்குப்படி, ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் பாசன வாய்க்காலும் இருந்தன. இதையெல்லாம் முதலில் வெட்டிய காலத்தில் குறைந்தது 10 கோடி டன் மண் இடம் பெயர்ந்திருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. அது அடிமைகள் ஓயாத சேற்றிலும் தண்ணீரிலும் நின்று மண்வெட்டியால் அள்ளிய மண் என்று இந்த நாட்டு வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி எடுத்துச் சொன்னார். ஈரக் களிமண், அதன் எடையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை வாய்க்கால் பாலத்தைக் கடக்கும்போதும் எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும். அடிமைமுறை ஒழிந்த கையோடு, 1839-ல், அந்த மக்களே காசைச் சேர்த்துக் கிழக்குக் கரையில் (டெமராரா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள கடலோரம்) ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். அதுதான் விக்டோரியா கிராமம். இன்றும் இருக்கிறது, மினிபஸ்ஸில் போய் இறங்கலாம்.

மழையும் ஏற்றமும் சேர்ந்து வந்தால் கதவைத் திறக்க முடியாது. பம்பு வைத்து இறைப்பார்கள், பம்பு தாங்காவிட்டால் தெருவில் தண்ணீர். ஜார்ஜ்டவுனில் கணுக்கால் தண்ணீர் பெரிய செய்தி இல்லை, இரண்டு வற்றத்தில் வடிந்துவிடும். 2005 ஜனவரி வேறு கதை. மழை விடாமல் கொட்டிக் கன்சர்வன்சி நிரம்பி வழிந்து, கிழக்குக் கரைக் கிராமங்களில் வாரக்கணக்கில் இடுப்புத் தண்ணீர் நின்றது. எலிக்காய்ச்சலில் ஆட்கள் இறந்தார்கள். நாட்டின் ஒரு வருஷ வருமானத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குச் சமமான சேதம் என்று ஐ.நா. அமைப்பு ஒன்று மதிப்பிட்டது. அந்த ஊர்களில் இன்றும் சில வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டுவார்கள்.

சேலம் நீலா:

நான் கேட்பது கொஞ்சம் சில்லறை விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரருக்கு ஜார்ஜ்டவுனில் வேலை உறுதியாகிவிட்டது. நானும் பையனும் அடுத்து கிளம்புகிறோம். அவனுக்கு ஏழு வயசு. காய்கறி என்ன கிடைக்கும்? அரிசி எப்படி? பஸ்ஸில் போய்வர முடியுமா? கடலில் குளிக்க முடியாது என்றால் பையனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

கோரண்டைன் காற்று:

நீலா, இதெல்லாம் சில்லறை விஷயம் இல்லைம்மா. வந்து இறங்கினால் முதல் நாளே வேண்டியது இதுதான். நான் பெர்பிஸ் பக்கம் இருக்கிறேன், கிழக்கே சுரினாம் எல்லைக்குப் போகும் வழி.

காய்கறிக்குக் கவலையே வேண்டாம். முழ நீளத்துக்குக் காராமணி கட்டுக் கட்டாக இருக்கும், இங்கே போரா என்று கேட்க வேண்டும். பாகற்காய், கத்தரிக்காய், பூசணி, முருங்கைக்காய், கீரை, சேப்பங்கிழங்கு, பலா மாதிரி ஒரு காய், பச்சை மாங்காய், எல்லாம் உண்டு. ஜார்ஜ்டவுனில் போர்டா மார்க்கெட் நல்லது. கிழக்குக் கரையில் மோன் ரிப்போஸ் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் தோட்டக்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள். மீனில் பங்கமேரி என்று ஒன்று, முள் குறைவு, பையனுக்கு வறுத்துக் கொடுக்கலாம். ஹாஸா என்ற மீன் பார்க்கப் பயமாக இருக்கும், உடம்பெல்லாம் கவசம். அது வாய்க்கால் மீன். குழம்பு வைத்தால் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அரிசி இந்த மண்ணிலேயே இரண்டு போகம் விளைகிறது. அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் மெயின் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். கார்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஊரில் இருக்கிற மாதிரியே இருக்கும். கல்யாணத்துக்கு, பூசைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். தாமரை மாதிரி பெரிய நீர்ப்பூ இலையில் சோறு போட்டு ஏழு கறி ஊற்றுவார்கள். கையால் சாப்பிட வேண்டும், யாரும் ஸ்பூன் தரமாட்டார்கள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1838-லிருந்து 1917 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், மதராஸில் ஏறியவர்கள் சிறு பங்குதான். தமிழ் பேச்சு இங்கே நிலைக்கவில்லை. ஆனால் எங்கள் பெர்பிஸில் அல்பியன் என்ற ஊர்ப் பக்கம் காளி கோயிலுக்குப் போனால் மாரியம்மன் இருக்கிறாள், வேப்பிலை இருக்கிறது, தப்பும் உடுக்கையும் இருக்கின்றன. பூசாரி பாடுவதில் நடுநடுவே நம் சொற்கள் தெறிக்கும். அர்த்தம் பிடிபடாவிட்டாலும் தாத்தா பாடியபடியே பாடுகிறேன் என்பார்கள். நான் முதலில் கேட்டபோது அழுதுவிட்டேன். இன்னும் அப்படித்தான்.

டெமராரா வாசி:

பஸ் பற்றி. மினிபஸ்தான் எல்லாம். ஒவ்வொரு தடத்துக்கும் எண் உண்டு. விமான நிலையம் பக்கம் போக 42, கிழக்குக் கரை போக 44. ஸ்டாப்ரூக் மார்க்கெட்டின் இரும்புக் கடிகாரக் கோபுரத்தைச் சுற்றித்தான் பாதி பஸ்கள் நிற்கும். கண்டக்டர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், நிதானமாக எண்ணைப் பார்த்து ஏறுங்கள். அந்த நெரிசலில் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு அங்கே தனியாக நிற்க வேண்டாம். மார்க்கெட் பின்னாலிருந்து டெமராரா ஆற்றைக் கடக்க ஸ்பீட்போட் உண்டு. பையனை ஒரு தடவை கூட்டிப்போங்கள். 1978-ல் வந்த மிதவைப் பாலம் கப்பல் போகும்போதெல்லாம் பிரிந்து வழிவிடும், அதுவரை இரண்டு பக்கமும் வண்டிகள் காத்து நிற்கும். 2025 அக்டோபரில் உயரமான புதுப் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

பையனுக்குப் பார்க்க என்ன என்றால், நேஷனல் பார்க் குளத்தில் கடல்பசுக்கள் இருக்கின்றன. புல்லைப் பிடுங்கி நீட்டினால் கரைக்கு வந்து வாங்கித் தின்னும். மூக்குத் துவாரம் மூடித் திறக்கும் சத்தம் காதில் விழும். அப்புறம் கடல்சுவருக்கு வெளியே, தண்ணீர் ஏறி வரும் விளிம்பில் நாலுகண் மீன் என்று ஒன்று கூட்டம் கூட்டமாக வரும். உண்மையில் கண் இரண்டுதான். ஒவ்வொரு கண்ணும் குறுக்கே பிரிந்து மேல்பாதி காற்றிலும் கீழ்பாதி தண்ணீரிலும் பார்க்கும். தண்ணீர்ப் பரப்பில் குமிழ் குமிழாகக் கண்கள் மட்டும் தெரியும். நிழல் விழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் துள்ளி ஓடும். சேற்றுத் திட்டில் சில நாள் செந்நிற அரிவாள் மூக்கன்கள் வந்து உட்காரும். அந்தச் சிவப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடற்காவல்:

நான் துறைமுக, கரைப்பாதுகாப்பு வேலைகளில் இருப்பவன். இழை நன்றாகப் போகிறது, ஆனால் டெமராரா வாசி சுவரை ரொம்பக் கொண்டாடுகிறார். சுவர் மட்டும் இந்த நாட்டைக் காப்பாற்றவில்லை. சுவருக்கு முன்னால் சேறு இருந்தால்தான் சுவர் நிற்கும்.

அமேசான் வண்டல் ஒரே சீராக வருவதில்லை. பல கிலோமீட்டர் நீளமான சேற்றுமேடுகளாகக் கரையோரம் நகர்கிறது, ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில். மேடு முன்னால் நிற்கும் இடத்தில் அலை சேற்றிலேயே அடங்கிவிடும், கரையில் அலையாத்தி முளைக்கும். மேடு நகர்ந்து போனதும் அதே இடத்தில் அலை நேராக வந்து மோதும், முளைத்த மரமெல்லாம் போகும். பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தோடு காற்றும் சேர்ந்தால் தண்ணீர் சுவரைத் தாண்டி ரோட்டில் விழும். அந்த இடங்களில் கருங்கல்லை அடுக்கிச் சரிவு கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது பல இடங்களில் அதுதான் நடக்கிறது.

பரமாரிபோவிலிருந்து:

கடற்காவல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியை ஏற்க முடியாது.

சேற்றுமேடு நகர்ந்த பிறகு மரம் போகும் என்பது சரி. இயற்கையில் அப்போது கரை கொஞ்சம் பின்வாங்கும், அடுத்த மேடு வந்ததும் திரும்ப முன்னேறும். அலையாத்திக் காட்டை வெட்டிவிட்டு அதன் காலடியிலேயே சுவரை எழுப்பினால் காட்டுக்குப் பின்வாங்க இடம் ஏது? சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கும் சேற்றையும் அரித்துக்கொண்டு போகிறது. அப்புறம் விதை ஊன்றவே முடியாது. பிறகு கல் போடு, அதன் மேல் இன்னும் கல் போடு என்று முடிவில்லாமல் போகும்.

இங்கே சுரினாம் தலைநகர் பரமாரிபோ பக்கத்தில் வெக் நார் ஸே என்ற இடத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மாணவர்களோடு கழிகளை வரிசையாக ஊன்றி, இடையில் குச்சிகளை அடைத்து வேலி கட்டினார். தண்ணீர் உள்ளே வரும், வேகம் குறையும், கொண்டுவந்த வண்டலை விட்டுவிட்டுத் திரும்பும். சேறு மேடானதும் மரம் வருகிறது. செலவு கல்சுவரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

கயானாவிலும் 2010-ல் ஐரோப்பிய யூனியன் பணத்தில் அலையாத்தி மீட்புத் திட்டம் தொடங்கியது நல்ல வேலை. நாற்று வளர்த்தவர்களும் காவல் பார்த்தவர்களும் பெரும்பாலும் கரையோரக் கிராமத்துப் பெண்கள். அந்தப் பூவிலிருந்து தேன் எடுத்து விற்கிறார்கள். கோல்டன் குரோவிலிருந்து பெல்ஃபீல்ட் வரை போய்ப் பார்த்தால் காடு எப்படி நிற்கிறது என்று தெரியும். இன்னொரு பக்கம் எண்ணெய்த் தொழிலுக்குக் கரையில் தளம் அமைக்கிறோம் என்று அலையாத்தியை வெட்டுகிறார்கள். இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

கீழ்வேளூரான்:

கயானாவில் அலையாத்தியைக் குரிடா என்கிறார்களே, அது முத்துப்பேட்டையில் நிற்கும் கண்டல் மரத்தின் பங்காளிதானே? வேர்கள் சேற்றிலிருந்து மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்குமா?

சுனாமி பார்த்த ஊர்க்காரன் என்பதால் கேட்கிறேன். கடல் மட்டம் உயர்கிறது என்கிறார்கள். உள்நாட்டில் ஏகப்பட்ட மேட்டுநிலம் காலியாகக் கிடக்கிறது. ஏன் இன்னும் பள்ளத்தில் இருக்கிறார்கள்? நகர்ந்துவிடலாமே?

பரமாரிபோவிலிருந்து:

அதே பேரினம்தான், அவிசென்னியா. மூச்சுவேர் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

கடற்காவல்:

நகர்வது பற்றிப் பேச்சு உண்டு. விமான நிலையம் தாண்டி, உள்நாட்டு ஊரான லிண்டன் போகும் ரோட்டில் வெண்மணல் மேட்டில் சிலிக்கா சிட்டி என்று புது நகரமே அரசு கட்டுகிறது. என் தொழில்முறைக் கருத்து: புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், மின்நிலையம் இவையாவது மேட்டுக்குப் போக வேண்டும். கரையில் இருப்பதைக் காப்பாற்ற அலையாத்தியும் வேண்டும், கல்லும் வேண்டும். எங்கே எது என்பதைச் சேற்றுமேடு எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். பரமாரிபோக்காரர் சொன்ன “பின்வாங்க இடம்” என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவருக்கு ஒட்டிப் பின்னாலேயே ரோடும் வீடும் இருக்கும் ஜார்ஜ்டவுனில் அந்த இடத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

கோரண்டைன் காற்று:

நகர்ந்துவிடலாமே என்று சொல்வது சுலபம் தம்பி. வெண்மணலில் நெல் விளையுமா? கரும்பு விளையுமா? விளையும் களிமண் எல்லாம் கடல் ஓரத்தில்தான் இருக்கிறது. கடல் கொடுத்த மண் அது.

எங்கள் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். வற்றத்தில் சேற்றின் மேல் பலகையைப் போட்டு, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உதைத்து உதைத்துச் சறுக்கிக்கொண்டே போவார். தூரத்தில் கழி நட்டுக் கட்டிய வலை இருக்கிறது. இறாலும் பொடிமீனும் கூடையில் அள்ளிக்கொண்டு, தண்ணீர் திரும்புவதற்குள் வந்துவிடுவார். கொஞ்சம் பிந்தினால் ஆபத்து. மாரிக்காலத்தில் நண்டு ஊர்வலமாக வெளியே வரும் நாளும் அவருக்குத்தான் முதலில் தெரியும், தெருவே சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும். அவரிடம் போய் மேட்டில் வீடு தருகிறோம் என்றால் அங்கே போய் என்ன செய்வார்? அரசு நகரம் கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிறவர்களுக்குப் பிழைப்பையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பணக்காரர் மேட்டுக்கும் மற்றவர் பள்ளத்திலும் என்று ஆகிவிடும்.

சேலம் நீலா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் படித்த பிறகு ஒரே ஒரு கேள்வி. வாடகைக்கு வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? என் கணவர் அனுப்பிய படத்தில் எல்லா வீடும் அழகாகத்தான் தெரிகிறது.

டெமராரா வாசி:

படத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள், மழை பெய்த மறுநாள் காலையில் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஒரு மழைக்காலம், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. வீடு தூண் மேல் இருந்தால் நல்லது. கீழே திறந்த தளத்தில் ஊஞ்சல் படுக்கை கட்டி, துணி உலர்த்தி, பையன் மழை நாளில் ஓடி விளையாடலாம். தரைத்தள வீடு என்றால் வாசல் ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். வீட்டு முன் வாய்க்காலில் தண்ணீர் நகர்கிறதா, புல் மண்டி அடைத்துக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கக் கறுப்புத் தொட்டியும் பம்பும் இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் சில இடங்களில் இரும்புக்கறையோடு வரும். ஜன்னலுக்குக் கொசுவலை கேளுங்கள், டெங்கு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் 2005-ல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். அப்படியே பக்கத்துக் கோக்கர் எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.